துணை வேண்டாத படகு

ஓலைமுனைக்கு எதிரே கடலில் வந்து நின்ற அந்த இரட்டைப் படகை முதலில் பார்த்தது யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். முதலில் சந்தேகப்பட்டது யார் என்று கேட்டால் மட்டும் பல் முளைக்காத பிள்ளையிலிருந்து கோயில் உபதேசியார் வரைக்கும் ஒரே வாயாகக் கித்தேரியான் என்பார்கள். கித்தேரியான் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர், ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர், இரண்டுக்கும் மேலாக, எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மேலே பளபளத்துக் கிடக்கிற மீனை ஏறிட்டும் பாராமல் ஐஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடப்பதை உருவியெடுத்துச் செவுளைப் பிளந்து மோந்து பார்க்கிறவர். அவர் சந்தேகத்தால் பிழைத்த வியாபாரிகள் பலர் உண்டு. அதனாலேயே ஊர், தான் படவேண்டிய சந்தேகத்தையெல்லாம் அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், ஆள் ஓட்டாமல், ஆள் நங்கூரம் இறக்காமல், அந்தப் படகு தானே வந்து வாகான இடம் பார்த்து நின்றது. கித்தேரியானும், பல வருடம் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய லியோனும் ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டு ஒல்லி வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நடுவில் ஒரு வீட்டைத் தூக்கி வைத்தாற்போல இருந்தது அது. கூரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள், பின்பக்கம் விசுக் விசுக்கென்று சுற்றுகிற சின்னக் காற்றாடி, மழை பெய்தால் தண்ணீரை வழித்துத் தொட்டிக்குள் இறக்குகிற துணிப்பந்தல், சன்னலோரம் தொட்டிகளில் புதினாவும் பச்சைமிளகாயும்.

"இது கேட்டமரன்ண்ணே," என்றார் லியோன். "நம்ம கட்டுமரத்துப் பேரைத்தான் வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போயி வெச்சிருக்கான். இதுல ஏறினா வருசக்கணக்கா கரையைத் தொட வேண்டாம். வெயில்ல இருந்து கரண்ட் எடுத்துக்கிடும். உள்ள ஒரு மிசினு, உப்புத் தண்ணிய நல்ல தண்ணியா ஆக்கிரும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் உண்டு. யார் வீட்டு வாசல்லயும் போயி ஒரு செம்புத் தண்ணி, ஒரு கல்லு உப்பு கேக்க வேண்டாம்."

"ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம்னா, அவன் என்னத்தையோ மறைக்கான்னு அர்த்தம்," என்றார் கித்தேரியான்.

அப்போது உள்ளே கெட்டில் சீழ்க்கையடித்தது. கண்ணாடி வழியாக இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு தானாக அணைந்தது, கெட்டில் சாய்ந்தது, கோப்பை நிறைந்தது, ஆவி பறந்தது, ஆளைத்தான் காணோம். காப்பி என்றார் லியோன். சிக்கரி கலந்த காப்பி என்று சந்தேகப்பட்டார் கித்தேரியான். இதைப் பற்றி வள்ளம் கரை சேரும் வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தார்களே தவிர, ஆளில்லாத இடத்தில் காப்பி எப்படி என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆனா பழைய போட்டுதான்," என்று கரையில் கூடியிருந்தவர்களுக்கு லியோன் விளக்கினார். "மெத்தையெல்லாம் வெயில்ல வெளுத்துப் போச்சு, கைப்பிடிக் கம்பியெல்லாம் கை பட்டுப் பட்டு தேஞ்சி கிடக்கு, பழைய பேரைச் சுரண்டி எடுத்திருக்கு. வித்தவன் வித்துட்டான், வாங்குனவன் இன்னும் வந்து சேரல. அதுவரைக்கும் சும்மா கிடப்பானேன்னு தானே குடித்தனம் நடத்துது போல." எல்லோரும் சிரித்தார்கள். கித்தேரியான் சிரிக்கவில்லை.

போலீசார் வந்தார்கள். ஏறிப் பார்த்தார்கள். தங்கமும் இல்லை, கஞ்சாவும் இல்லை, ஆளும் இல்லை என்றார்கள், யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிச் சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள், கயிறு போட்டுத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் அங்கே டீ குடித்து முடிப்பதற்குள் படகு ஓலைமுனைக்கு வந்து பழைய இடத்தில் நின்றது. நாடாவை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்திருந்தது. நீரோட்டம் இழுத்து வந்தது என்று எழுதிப் போலீசார் கேஸை மூடினார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தப் படகோடு பழகத் தொடங்கியது, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சரோடு பழகுவது போலத்தான், சற்றுத் தள்ளி நின்று, அதன் குப்பை முதற்கொண்டு நோட்டம் விட்டுக்கொண்டு. மீட்டர் இல்லாமல் விளக்கு எரிகிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட, மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கரையில் நின்று கைகொட்டி அழைத்துப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீரில் நிற்கிற வீட்டுக்கு வீட்டுவரி உண்டா என்று பஞ்சாயத்தில் ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். பங்குச் சாமியார் வள்ளத்தில் போய் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், தெளித்த தீர்த்தம் காய்வதற்குள் ஒரு துடைப்பான் தானே நகர்ந்து வந்து தளத்தைத் துடைத்துவிட்டுப் போனது, சாமியாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். நாளடைவில் மீன்பிடிக்கிறவர்கள் அதை அடையாளம் வைத்து வலை இறக்கினார்கள், பெண்கள் அதன் குக்கர் சத்தம் கேட்டு உலை வைத்தார்கள். எல்லாம் பழகிப் போனது. ஒன்று மட்டும் பழகவில்லை, அதில் இருக்கிற அந்த இரண்டு பேர் யார் என்பது.

ஏன் இரண்டு பேர் என்றால், ஓலைமுனையில் ஒற்றை ஆளாக ஒரு கூரைக்குக் கீழே படுக்கிற வழக்கமே கிடையாது. புருசன் கடலுக்குப் போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்கு வந்துவிடுவாள். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனால் ஆணுக்குத் துணையாக மச்சான்மார் வந்து படுப்பார்கள். கல்யாணமாகாதவர், பிள்ளையில்லாதவர், விட்டுப் பிரிந்தவர், எல்லோருக்கும் துணை உண்டு, வேண்டாம் என்றால் பேய்பிடித்திருக்கிறது என்பார்கள். ஆகவே ஒரு விளக்கு எரிந்தால் இரண்டு பேர், ஒரு குக்கர் கூவினால் குறைந்தது இரண்டு பேர். அதிலொரு ஆளுக்கு ஊரில் யாரோடோ தொடுப்பு இருக்கிறது என்பது கித்தேரியானின் கட்சி. இல்லாவிட்டால் வேறெங்கும் நிற்காமல் இங்கே வந்து ஏன் நிற்கவேண்டும்?

அந்தத் தொடுப்பு யாரோடு என்பது ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. படகின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே கட்டியிருந்த கொடியில் ஒரு சேலை காய்ந்தது.

பெண்கள் கடலுக்குப் போகாத ஊர் அது. வலை பின்னுவார்கள், மீன் சுமப்பார்கள், வள்ளத்தில் மட்டும் ஏறமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு படகில் சேலை காய்ந்தால் கண்ணை மூடிக்கொண்டா போவார்கள்? மஞ்சளில் ஊதாப்பூப் போட்ட வாயில் சேலை. ஓலைமுனையில் அந்தச் சேலை ஒன்றுதான் உண்டு, அது கித்தேரியானின் மனைவி மெற்றில்டாவுடையது. கித்தேரியான் ஏலக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அத்தனை பேச்சும் நின்றது. ஏலம் கூறுகிறவருக்கு நிசப்தம் பழக்கமில்லை. லியோனிடம் இருந்த பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். முந்தானைக்குப் பக்கத்தில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுடும்போது தீப்பட்டு மெற்றில்டா பச்சை நூலில் தைத்த தையல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சேலை அங்கே மடிப்புக் கலையாமல் இருந்தது. பச்சை நூல் தையலும் இருந்தது. சேலையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடி, ஒரு கையில் இதையும் மறுகையில் பைனாகுலரையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பின்னாலேயே வந்த மெற்றில்டா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"நல்லா அலசியிருக்கு," என்றாள். "நான் தொவைச்சா இந்த மஞ்சள் வராது."

அவ்வளவுதான் சொன்னாள். கித்தேரியான் பைனாகுலரை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். திடுக்கிட்டு அழுதிருந்தால் நம்பியிருப்பார், மாதாவே என்று மார்பில் அடித்திருந்தால் நம்பியிருப்பார். தன் சேலை கடலுக்கு நடுவில் காய்வதைப் பார்த்து வெளுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவளை எப்படி நம்புவது?

அன்றிலிருந்து அவருடைய கை ஐஸ் பெட்டியை விட்டுவிட்டு வீட்டுக்குள் துழாவத் தொடங்கியது. மெற்றில்டா எந்தக் கடைக்குப் போனாள், வருவதற்கு ஏன் அவ்வளவு நேரம், செருப்பில் ஏன் ஈர மணல், சிரிக்க ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஏன் சிரித்தாள். முதலில் லியோனைச் சந்தேகப்பட்டார். கப்பல் விஷயம் தெரிந்தவன், தேவைக்கு மேல் விளக்கம் சொல்கிறவன். பிறகு ஐஸ் லாரி டிரைவரைச் சந்தேகப்பட்டார். பங்குச் சாமியாரைக்கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுவிட்டு, பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுத் தஸ்நேவிசம்மா, கித்தேரியான் வெளியூர் போகிற நாட்களில் மெற்றில்டாவுக்குத் துணைக்குப் படுக்கிறவள், குறட்டையால் மெற்றில்டாவின் தூக்கத்தைப் பாதிக்கு மேல் தின்றவள், அவளைப் பகலிலும் துணைக்கு வைத்தார்.

"என்ன செய்யுதா?" என்று தஸ்நேவிசம்மாவிடம் தினமும் விசாரிப்பார்.

"ஒண்ணும் செய்யல எய்யா. நெத்திலி ஆய்ஞ்சா, சோறு பொங்குனா. நடுவுல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

"சும்மா உக்காந்து என்னத்த நினைச்சா?"

அதைத் தஸ்நேவிசம்மாவால் சொல்ல முடியவில்லை. கொடியிலோ துணி கூடிக்கொண்டே போனது. மெற்றில்டாவின் பூப்போட்ட நைட்டி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளை முக்காடு, அவள் தலைதுவட்டுகிற சிவப்புத் துண்டு, எல்லாவற்றிலும் ஒன்று வீட்டிலும் இருந்தது, அதே போல ஒன்று கடலிலும் காய்ந்தது. காலையில் பெண்கள் கரையோரக் கிணற்றுத் தண்ணீருக்கு வருகிற சாக்கில் நின்று அந்தக் கொடியைப் பார்ப்பார்கள். அசிங்கம் என்பார்கள், காலம் கெட்டுப் போச்சு என்பார்கள், ஆனால் சொல்லி முடித்த பிறகும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றார்கள்.

கமிட்டி கூடியது. செயலாளர் வீட்டு விவகாரம் என்பதால் தலைவர் கனைத்துக் கனைத்துப் பேசினார். சூசையப்பர் பீடத்துக்கு முன்னால் மெற்றில்டா சத்தியம் செய்யட்டும், செய்துவிட்டால் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது, செய்யாவிட்டால் அந்தக் குடும்பத்துக்குத் திருவிழாவில் சப்பரம் தொட உரிமை இல்லை என்றார். கித்தேரியானே அதற்குத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க, மெற்றில்டா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்ப் பீடத்தில் கையை வைத்தாள்.

"அந்தப் படகுல எனக்கு யாரும் இல்ல," என்றாள் கணீரென்று. "ஒரு ஆளும் இல்ல. சூசையப்பர் மேல ஆணை."

ஊர் மூச்சு விட்டது. தஸ்நேவிசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் பீடத்திலிருந்து திரும்பி வரும்போது மெற்றில்டாவின் முகத்தில், நல்ல செய்தி ஒன்றைத் தானே தன் வாயால் சொல்லிக் கேட்டவள் போல ஒரு சந்தோஷம் வந்து போனதைக் கித்தேரியான் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே கமிட்டி முத்திரை குத்தித் துறைமுகத்துக்கு மனுப் போட்டார், ஊர்ப் பெண்களின் மானத்துக்குக் கேடாக ஆளில்லாத படகொன்று நிற்கிறது, பெரிய இழுவைப் படகு அனுப்பி உடைப்புக்குக் கொண்டுபோகவும் என்று. வருகிறோம் என்று பதில் வந்தது.

உடைப்பதற்கு முன்னால் அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெறியாகவே ஆகிவிட்டது. ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற உச்சிவெயிலில் தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் இரட்டைப் படகில் ஏறினார்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கூடம் குளுகுளுவென்று இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் கை விடுவது போலத்தான் தேடினார், மேலே கிடப்பதை விட்டுவிட்டு அடியில். ஆண் செருப்பு உண்டா, பீடித்துண்டு உண்டா, சவரக் கத்தி உண்டா, தலையணையில் எண்ணெய்க் கறை உண்டா. கட்டில் ஒன்று இருந்தது, அதில் தலையணை ஒன்று இருந்தது. நாற்காலி ஒன்று. சுவரில் துணி மாட்ட ஒரே ஒரு கொக்கி. அடுக்களையில் தட்டு ஒன்று, கோப்பை ஒன்று, ஒரு ஆளுக்குச் சோறு வேகிற அளவில் குட்டிக் குக்கர். இரண்டாவது தட்டைத் தேடி எல்லா அலமாரியையும் இழுத்துப் பார்த்தார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு வள்ளங்களின் வயிற்றுக்குள்ளும் இறங்கி நல்ல தண்ணீர் செய்கிற இயந்திரத்தின் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் சின்னக் கிண்ணத்தில் மீன்குழம்பு இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தார். மெற்றில்டாவின் கைப்பக்குவம்தான், சந்தேகமே இல்லை, ஆனால் புளிக்குப் பதில் மாங்காய் போட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து புளி தூக்கலாக வேண்டும் என்று அவர் சொல்லி அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாங்காய் போட்டால் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை.

கதவைப் பார்த்தார். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

அவருடைய வீடு கோயில் தெருவுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிப் போக அலுப்புப்பட்டு ஊரே அந்த வீட்டுக்குள் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் இறங்கிக் கடற்கரைக்குப் போகும். செயலாளர் வீடு, ஏலக்காரர் வீடு, யாரையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. போகிறபோது அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போவார்கள், அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்ப்பார்கள், மெற்றில்டா உட்கார்ந்திருக்கிற நாற்காலியை ஒரு நிமிடம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

கித்தேரியான் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஒரு ஆள் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆளே இல்லாததை என்ன செய்வது? தன் மனைவிக்கு இன்னொருத்தன் மேல் ஆசை இல்லை, ஒருத்தனும் இல்லாத இடத்தின் மேல்தான் ஆசை என்று எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்வது?

மறுநாள் அவர் செய்த காரியத்தை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. சீதனமாக வந்த எவர்சில்வர் தட்டு, அடியில் தன் பேர் வெட்டியது, அதை எடுத்துக்கொண்டு போய் அந்த அடுக்களையில் மெற்றில்டாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். விடிந்து பார்த்தால் தட்டு கரையில் ஈரம் ஏறாத மணலில் இருந்தது. படகு அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தது. தண்ணீருக்கு வந்த பெண்கள் தட்டைச் சுற்றி நின்று, பேரைப் படித்தார்கள். கித்தேரியான் வந்து குனிந்து எடுத்தார். ஓலைமுனை தோன்றிய நாளிலிருந்து ஊர் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

இழுவைப் படகு மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்திருந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரை எழுப்பி அனுப்பிவிட்டு, முன்கதவைச் சாத்தி அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்தார். பின்கதவையும் சாத்தினார். தஸ்நேவிசம்மா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போயிப் பாத்தேன்," என்றார்.

"தெரியும்," என்றாள் மெற்றில்டா. "உங்க தட்டு மணல்ல வந்து கிடந்துச்சே."

"ஒத்தக் கட்டிலு, ஒத்தத் தட்டு. உனக்கு என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன."

"பிறவு?"

மெற்றில்டா ஆய்ந்துகொண்டிருந்த நெத்திலியைக் கீழே வைத்தாள். "எங்க அம்மா வீட்டுல தங்கச்சியோட படுத்தேன். இங்க வந்து உங்களோட. நீங்க இல்லாட்டா தஸ்நேவிசம்மா. பிள்ளைகளைப் பெத்தேன், அதுகளோட. இப்ப அதுக ரெண்டும் கல்யாணமாகிப் போயாச்சு, ஊரே வந்து உள்ள உக்காந்திருக்கு. ஒரு கூரைக்குக் கீழ நான் மட்டும்னு ஒரு நாளு இருந்தது கிடையாதுங்க. எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியாது. ஒரு பொருளை ஓரிடத்துல வெச்சா திரும்பி வரும்போது அது அங்கனயே இருக்குமான்னு பாக்கணும். அம்புட்டுதான்."

"ஊர் என்ன சொல்லும்?"

"என்னத்த சொல்லும்? எல்லாத்தையும்தான் சொல்லியாச்சே, பீடத்துல கைய வைக்கச் சொல்லியாச்சு. நீங்க தலையாட்டுனிய, பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கித்தேரியானால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இழுவைப் படகு அந்தப் படகைக் கொண்டுபோய் உடைத்துவிடும், கொடியும் இருக்காது, சேலையும் இருக்காது, மெற்றில்டா இங்கேயே இருப்பாள், புளி தூக்கலாகக் குழம்பு வைப்பாள். சுலபமான காரியம்தான். ஆனால் அவளுக்குள் அந்த ஒற்றை நாற்காலி போட்டிருக்கிற இடத்தை எந்த இழுவைப் படகைக் கொண்டுவந்து இழுப்பது? வாழ்க்கை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவேண்டியதுதான், இப்போது எங்கே இருக்கிறாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்று. அப்படி உட்கார்ந்திருந்த நாட்கள் எப்படி இருந்தன என்பது அவருக்குத் தெரியும். அவருக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் ஊரே கரையில் கூடிவிட்டது. இழுவைப் படகு புகை கக்கிக்கொண்டு முனையைத் திரும்புவது தெரிந்தது. கித்தேரியான் மெற்றில்டாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வள்ளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறு," என்றார்.

"எய்யா, பொம்பளையை வள்ளத்துல ஏத்தாதிய!" என்று தஸ்நேவிசம்மா கத்தினாள். தலைவர் கனைத்தார். மெற்றில்டா சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், கடல் ஒன்றும் பொங்கிவிடவில்லை. கித்தேரியான் துடுப்புப் போட்டார். பக்கத்தில் போனதும் இரட்டைப் படகிலிருந்து ஓர் ஏணி தானே இறங்கியது. அவள் ஏறினாள், சுற்றிலும் பார்த்தாள், பந்தலுக்குக் கீழே இருந்த மிளகாய்ச் செடியில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். அதற்குள் இழுவைப் படகு வந்துவிட்டது.

"யாரும்மா அது? எறங்குங்க! ஆளில்லாத போட்டு, உடைக்க ஆர்டர் வந்திருக்கு!" என்று அதன் கேப்டன் ஒலிபெருக்கியில் கூவினார்.

கித்தேரியானுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. வள்ளத்தில் எழுந்து நின்று, கரையில் இருக்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி ஏலக் குரலில் கத்தினார். "ஆளில்லாம இல்ல! குடியிருக்கு! இது எம் பொண்டாட்டி வீடு!"

"மனுப் போட்டது ஓலைமுனைச் செயலாளர்னு இருக்கே?"

"நான்தான் செயலாளர்! தப்பா எழுதிட்டேன்!"

கேப்டன் மெற்றில்டாவைப் பார்த்தார், கொடியில் காய்கிற துணியைப் பார்த்தார், அவள் உடுத்தியிருக்கிறதும் கொடியில் கிடக்கிற அதே மாதிரிச் சேலை என்று பார்த்தார். குடியிருக்கிற வீட்டை இழுக்க எனக்கு ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். புகை கலைந்து, அலை அடங்கி, அந்த இடம் மறுபடி அமைதியாக ஆனது. உள்ளே கெட்டில் சீழ்க்கையடித்தது. மெற்றில்டா உள்ளே போய் அடுப்பைத் தன் கையால் அணைத்துவிட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததில்லை.

கித்தேரியான் ஏணியில் கை வைத்தார். வைத்த கையை எடுத்தார். குரலைத் தணித்து, அவருக்கு வராத குரலில் கேட்டார். "நான் ஏறி வரட்டா?"

மெற்றில்டா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அவள் பதிலுக்காக அவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"இன்னைக்கு வேண்டாம்ங்க," என்றாள்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தார். கரையில் வள்ளம் முட்டுவதற்குள் ஊர் தண்ணீருக்குள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டது. என்ன சொன்னா, என்ன சொன்னா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்னுட்டா."

"என்னண்ணே இது?" என்றார் லியோன். "உங்க பொண்டாட்டிதானே? ஏறிற வேண்டியதுதானே? யாரு உங்களத் தடுக்கப் போறா?"

கித்தேரியான் வள்ளத்தை மணலில் இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார். "அவ வீடுல்லா அது. நாளைக்குக் கேட்டுப் பாக்கேன்."